மாமா தேறிவிட்டார்

ஜூன் 2, திங்கள்

பிரஷர் ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள் என்று புத்திமதியும் சொன்னார். லென்ஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி என் கண்ணாடிக் கடையில் சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன். கோபம் தயாராக இருக்கிறது.

செல்போனில் 'கோட்டை' என்று ஒரு விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிராளியின் கோட்டைக் கொடியைப் பிடுங்கினால் வெற்றி. ஆடுகிறவனுக்குக் களிமண், செம்பு, வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. நான் வெள்ளியில் கிடக்கிறேன். நேற்று இன்றல்ல, வருஷக்கணக்காக. காரணம் நான் அல்ல. யாரோடு யாரை மோதவிடுவது என்று முடிவு செய்கிறதே ஒரு எந்திரம், அந்தச் சனியன்தான் காரணம். ஐந்து பேர் திறமையையும் கூட்டி, ஐந்தால் வகுத்து, அதே சராசரி உள்ள அணியை எதிரில் நிறுத்துகிறதாம். ரொம்ப நியாயமாம். நேற்று எதிரில் வந்தவன் நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் என்னைச் சுட்டுவிட்டு, என் மேல் ஏறி நின்று டான்ஸ் ஆடினான். அவன் எனக்குச் சமமாம்.

எங்கள் அணியில் நானும் நண்பன் பீர் முகமதுவும் ஸ்டீபனும் கோமதிநாயகமும். ஐந்தாவது ஆள் வேலை கிடைத்து மஸ்கட் போய்விட்டான். அந்த இடத்துக்கு முன்பின் தெரியாத எவனையாவது எந்திரம் சேர்த்துவிடுகிறது. ஜூலை 13 அன்று சீசன் முடிகிறது. அதற்குள் நான் தங்கம் ஆக வேண்டும். என் சகலை தயாநிதி, அதாவது என் மனைவி உலகம்மையின் தங்கை புருஷன், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு போன வருஷமே தங்கம் ஆகிவிட்டான். எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் வெள்ளிதானா சகலை என்று கேட்கிறான். எனக்குப் பாயசம் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 5, வியாழன்

மாமனார் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கினார். பெயர் நமச்சிவாயம், யூனியன் ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பையைப் பார்த்தால் நாலு நாள் பை மாதிரி தெரியவில்லை.

அத்தை போன தை மாதம் இறந்துபோனார்கள். அதிலிருந்து அவர் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். அப்பாவை இங்கேயே வைத்துக்கொள்வோமா என்று உலகம்மை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். பார்ப்போம் என்றேன். நான் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். சட்டியை டங்கென்று வைத்தாள்.

ஜூன் 6, வெள்ளி

விடிந்ததும் விடியாததுமாக மாமா டிவியில் செய்தி வைத்தார். முருகன்குறிச்சி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் நான் ஆடிக்கொண்டிருந்தபோது மாமா பின்னால் நின்று பார்த்தார். "அந்தப் பச்சைச் சட்டைத் தம்பி உங்களையே சுடுதானே மாப்ள, உங்களுக்குள்ள ஏதும் தகராறா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாத்திரையை இன்னொரு தடவை போடலாமா என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் அணியில் ஒட்டவைத்திருந்த ஐந்தாவது ஆள் பாதியில் ஓடிவிட்டான். உங்க மாமா சும்மாதானே இருக்கார், அவரைச் சேரு என்று போன் வழியாகவே சொன்னான் பீர். அவர் போனில் விளையாட்டை இறக்கி, 'நமச்சிவாயம் ஓய்வு' என்று பெயர் கொடுத்து உட்காரவைத்தேன். படி களிமண். மனுஷன் கொடியைத் தேடுகிறேன் என்று சுவரைப் பார்த்து நின்றார். எதிராளி வந்தால் முதலில், வணக்கம் தம்பி என்கிறார். அப்புறம் சுடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். தம்பி அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை.

ஆனால் ஜெயித்தோம். அடுத்த ஆட்டமும் ஜெயித்தோம். அதற்கடுத்ததும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பீர் காலையிலேயே கடைக்கு வந்து விளக்கினான். நாங்கள் நாலு பேரும் வெள்ளி. மாமா களிமண்ணிலும் அடிமண். கூட்டி வகுத்தால் எங்கள் சராசரி செம்புக்கு இறங்கிவிடுகிறது. உடனே எந்திரம் ஐந்து செம்புப் பிள்ளைகளை எதிரில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாலு வெள்ளிக்கு முன்னால் அவர்கள் எம்மாத்திரம். மாமா அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

இந்த எந்திரத்தைப் பற்றி முன்பு ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். கூட்டுவது, வகுப்பது, இதில் அநியாயத்துக்கு எங்கே இடம்?

ஜூன் 10, செவ்வாய்

வரும்போது மாமாவுக்கு லாலா கடையில் அல்வா வாங்கிவந்தேன். உலகம்மை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இந்த விளையாட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் கூட்டாளி ஓடிப்போய்த் தூக்கிவிடலாம். தாமதித்தால் அவ்வளவுதான். சாயங்காலம் நல்ல மும்முரமான ஆட்டம். மாமா வழக்கம்போல் விழுந்தார். நான் எப்போதும்போல் தொண்டை கிழியக் கத்தினேன்: "மாமா செத்துட்டாரு, தூக்க ஆள் வாங்கல, சீக்கிரம் வாங்க."

ஜன்னல் திறந்திருந்தது. கீழ்வீட்டு ஞானதீபம் டீச்சர் மாடிப்படி ஏறி ஓடிவந்தார். வாசலில் நின்று, தைரியமா இருங்க தம்பி, எங்க வீட்டு சார் ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டாச்சு என்றார். மாமா சோபாவில் உட்கார்ந்தபடி, "வாங்க டீச்சர், உக்காருங்க, காப்பி சாப்பிடுதியளா?" என்று கேட்டார். டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஐஸ் பெட்டியோடு வண்டியும் வந்து நின்றது. டிரைவருக்கு டீ வாங்கிக்கொடுத்து, ஆள் இன்னும் ரெடியாகவில்லை என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதாம். உலகம்மை ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். அம்மா போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அப்பாவைப் பற்றி வாய்கூசாமல் இப்படியா என்றாள்.

அந்த வார்த்தைக்கு இனி வீட்டில் தடை. மாமாதான் மாற்றுச் சொன்னார். விழுந்தால், 'ஊருக்குப் போயிட்டேன்' என்று சொல்வோம் என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

மாமா இன்று ஒருவனைச் சுட்டுவிட்டார். சுட்டதும், மன்னிச்சுக்கிடுங்க தம்பி என்றார். எல்லோரும் கைதட்டினோம். தட்டிவிட்டு, பீர் போனில் என்னிடம் தனியாக, இது நல்லதுக்கில்லை சங்கரா என்றான்.

ஜூன் 18, புதன்

மூன்று பேரைச் சுட்டார். களிமண்ணின் மேல்படிக்கு ஏறிவிட்டார். சராசரியும் கூடவே ஏறுகிறது. இன்று எதிரில் வந்த பிள்ளைகள் வாயில் பால் வடிகிற பிள்ளைகளாக இல்லை. நான் தங்கத்துக்குப் பாதி தூரம் வந்தாயிற்று. இப்போது போய் இவர் தேறினால் நான் என்ன செய்வது?

ஜூன் 19, வியாழன்

மாமாவின் கண்ணாடியில் ஒரு காதுக்கம்பி ஆடுகிறது. கடைக்கு எடுத்துவந்தேன். கண்ணாடிக் கடைக்காரன் மாமனார் ஆடுகிற கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் சிரிக்கும். சரிசெய்யும் வரைக்கும் போட்டுக்கொள்ள வேறொன்று கொடுத்தேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான். பவர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. மாமா இரண்டு தடவை என்னையே சுட்டார். காதுக்கம்பியைத் திருக ஒரு ஸ்குரூ ஆர்டர் போட்டிருக்கிறேன், வரத் தாமதமாகும் போலிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மதியம் பீர் போன் பண்ணினான். கையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, ஆகவே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். உங்க மாமா எவ்வளவு நாள் இருப்பார் என்று கேட்டான். "மட்டமா ஆடுத வரைக்கும் அவரு இங்க ராஜா. தேறிட்டாருன்னா மறுநாளே பஸ் ஏத்திவிட்டுற வேண்டியதுதான்" என்றேன். ரெண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

வேலை முடிந்து திரும்பினால் மேஜைமேல் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. யார் எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்றே தெரியவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, நன்றாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மாமா காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, நல்லாருக்கு என்று சொன்னாராம். உலகம்மை அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி, தான் போட்டுப் பார்த்து, நேரே கடைக்கு வந்துவிட்டாள். வாடிக்கையாளர் இருவர் முன்னிலையில், ஊரு கண்ணுக்கெல்லாம் வெளிச்சம் குடுத்துட்டு எங்க அப்பா கண்ணக் கட்டுதீங்களா என்று கேட்டாள். ஸ்குரூ இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்லி, பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பினேன்.

போச்சு, தங்கம் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் சாயங்காலம் உட்கார்ந்தேன். கடவுள் இருக்கிறார். சரியான கண்ணாடி போட்டும் மாமா முன்னைவிட மோசமாக ஆடினார். எதிராளிக்கு நம் கொடி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி வாசலைத் திறந்துவிட்டு நின்றார். வயசாகிறது அல்லவா, இன்று புரிந்தது நாளை மறந்துவிடும்.

ஜூன் 30, திங்கள்

தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தேன். மாமா உலகம்மையின் போனை வைத்துக்கொண்டு 'கோட்டை' ஆடிக்கொண்டிருந்தார். கண் ஓரமாகப் பார்த்தேன். 'அகத்தியர்' என்று பெயர், வெள்ளியில் மேல்படி, என்னைவிட ஒரு படி மேலே. என்னைக் கண்டதும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, சும்மா பாத்துக்கிட்டிருந்தேன் மாப்ள என்றார்.

உலகம்மை எனக்குத் தெரியாமல் இவ்வளவு நன்றாக ஆடுகிறாளா? கேட்டேன். "அப்படியே வச்சுக்கிடுங்க" என்றாள். கள்ளி.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம், கடை லீவு. மாமாவோடு போய்த் தேர் பார்த்தோம். கூட்டத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை வருஷா வருஷம் இங்கே வந்து வடம் தொட்டுவிட்டுப் போவார்களாம், இந்த வருஷம் தான் மட்டும் வந்தது ஒருமாதிரி இருக்கிறது என்றார். சர்பத் வாங்கிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஆடி எல்லா ஆட்டமும் ஜெயித்தோம். தங்கம் இதோ எட்டும் தூரத்தில்.

ஜூலை 10, வியாழன்

ஒரு விசித்திரம். கடைசி ஆட்டத்தில் நாங்கள் நாலு பேரும் விழுந்துவிட்டோம். மாமா மட்டும் வழக்கம்போல் சுவரோரம். எதிராளிகள் எங்கள் கொடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். திடீரென்று மாமா திரும்பினார். வணக்கமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வரிசையாக ஐந்து பேரையும் சாய்த்து, ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டு, கொடியையும் பிடுங்கினார். போனில் ஸ்டீபன், ஏசுவே என்றான்.

மாமாவைப் பார்த்தால் முகம் வெளுத்துக் கிடந்தது. பாத்திரத்தை உடைத்த பிள்ளை மாதிரி நின்றார். "கை தவறிட்டு மாப்ள" என்றார். பரவாயில்லை மாமா, இனிமே பாத்து ஆடுங்க என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

மாமா போய்விட்டார்.

உலகம்மை கோவிலுக்குப் போயிருந்தாள். நான் படுக்கையறையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். மாமா ஹாலில் இருந்து ஆடுகிறார் என்று நினைப்பு. அவர் கதவோரம் வந்து, "மாப்ள, நான் ஊருக்குப் போறேன்" என்றார். இவ்வளவு சீக்கிரம் விழுந்துவிட்டாரே என்று நினைத்து, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "போங்க மாமா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன். ஆட்டத்தில் 'நமச்சிவாயம் ஓய்வு' கடைசி வரை சுவரைப் பார்த்து அசையாமல் நின்றது. அது புதிதல்ல, ஆகவே எனக்குச் சந்தேகம் வரவில்லை.

உலகம்மை திரும்பிவந்து, அப்பா பை எங்கே என்று கேட்டபோதுதான் ஹாலுக்கு வந்தேன். அவர் போன் சோபாவில் கிடந்தது, விளையாட்டு மூடாமல் திறந்தபடியே இருந்தது. வாய் தவறி, ஊருக்குப் போயிட்டாரு என்றேன். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கேரியர் கொண்டுவந்த அன்றைக்கு அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்தார் என்று சொன்னாள். 'அகத்தியர்' அவர்தான் என்றும் சொன்னாள். மதியம் எல்லாம் அவள் போனில் நன்றாக ஆடித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் எங்களோடு கவனமாக மட்டமாக ஆடினாராம்.

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எகிறினேன். "நல்லா ஆடினா பஸ் ஏத்திருவேன்னு சொன்னது நீங்கதான. அவருக்கு இங்க இருக்கணும்னு இருந்துச்சு" என்றாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் நீங்களும் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

பிரஷர் மாத்திரை போட்டேன். கோபம் யார்மேல் என்று எழுத வரவில்லை.

ஜூலை 12, சனி

கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போனேன். பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நாலைந்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். வீட்டில் டிவி சத்தமாக ஓடுகிறது, பார்க்க ஆள் இல்லை. மாமா அடுப்படியில் நின்றபடியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், தொட்டுக்கொள்ள நாரத்தங்காய் ஊறுகாய். உட்கார்ந்துகூடச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்ததும் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. யாரைக் கேட்டு வந்தீங்க என்று கத்தினேன்.

சொல்லிட்டுத்தான மாப்ள வந்தேன், போங்கன்னு சொன்னீங்க என்றார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அப்புறம் அவராகவே சொன்னார்:

"நான் தேறிட்டேன் மாப்ள. அன்னைக்கு அடக்கிப் பாத்தேன், கை அடங்கல. இனிமே என்னால மட்டமா ஆட முடியாது. பஸ் ஏத்திவிடுத சிரமம் உங்களுக்கு எதுக்குன்னு நானே ஏறிட்டேன்."

ஏதோ தீராத சீக்கு வந்துவிட்ட மாதிரிச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அது சும்மா பேசியது மாமா என்றேன், என் காதுக்கே அது நன்றாக இல்லை. நீங்கள் வராவிட்டால் உலகம்மை என்னை வீட்டுக்குள் விடமாட்டாள், பையை எடுங்கள் என்றேன். மகள் பெயரைச் சொன்னதும் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றார். பையில் ஒரு வேட்டி சட்டைதான் வைத்தார். முன்பு கொண்டுவந்ததில் கால்வாசிகூட இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

சீசனின் கடைசி நாள். பீரிடம், இன்று மாமா 'அகத்தியர்' பெயரில் ஆடுவார் என்றேன். சராசரி ஏறிடுமே, உனக்கு இன்னும் ரெண்டு ஆட்டம் ஜெயிக்கணுமே என்று பதறினான். ஏறட்டும் என்றேன். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உலகம்மையின் போனை எடுத்தார்.

எதிரில் வந்தவர்கள் அசுரர்கள். முதல் ஆட்டம் மாமாவால் ஜெயித்தோம். அந்த வெற்றியில் 'அகத்தியர்' தங்கம் ஆகிவிட்டார், திரையில் பூமாரி பொழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில், தங்கம் என்கிற ஆசையில் நான் தனியாக ஓடிப்போய் எதிராளி கோட்டை வாசலில் விழுந்தேன். தூக்க வந்த மாமாவும் என்னால் விழுந்தார். தோற்றோம். நான் வெள்ளியே. எதிரில் இருந்தவர்கள் எங்களுக்கு அணுவளவும் கூடவோ குறையவோ இல்லாத ஆட்கள். எந்திரத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மூக்கில் வியர்த்தது போல் தயாநிதி போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டேன். "இன்னும் வெள்ளிதானா சகலை?"

வெள்ளிதான் என்றேன், மாமா தங்கம் ஆகிவிட்டார் என்றேன். அவன் முதலில் நம்பவில்லை. அப்புறம் குரல் தேனாகிவிட்டது. எங்கள் அணியில் ஓர் ஆள் குறைகிறது, மாமாவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்புங்களேன், டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சின்ன மாப்ள கூப்பிடுதாரே, போகட்டுமா? அடுத்த சீசனுக்கு உங்களுக்கு மட்டமான ஆளுல்லா வேணும்."

"மட்டமான ஆளுக்கு நான் இருக்கேன் மாமா," என்றேன். "நீங்க நல்லா ஆடுங்க, மட்டமா ஆடுங்க, ஆடாமகூட இருங்க. ஆனா இங்கயே இருங்க. நீங்க இல்லாம வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த வீடு நல்லாவே இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. உலகம்மை அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். அப்புறம் அவளைப் பார்த்து, அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மற்றத் துணிமணிகளைக் கொண்டுவந்தால் எங்கே வைப்பது என்று கேட்டார்.

அவள் அந்த நிமிஷமே பீரோவைத் திறந்து, என் தட்டிலிருந்த சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டில்மேல் போட்டாள். ஒரு தட்டு முழுவதும் அவருக்கு. என் துணியை நான் எங்கே வைத்துக்கொள்வது, இது என்ன நியாயம் என்று கேட்டேன். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.